போர்டு பேசுகிறது, ஸ்விட்ச் கேட்கவில்லை

பாலக்கோட்டிலிருந்து ஒரு பொறியியல் மாணவர் எழுதியிருக்கிறார். சிங்கப்பூர் மாமா கொண்டுவந்து கொடுத்த நிண்டெண்டோ ஸ்விட்ச், பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ப்ரோ மைக்ரோ போர்டு, அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினி. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ‘போக்கிமான் ஸ்வோர்டு’ விளையாட்டில் முட்டை பொரிக்கும் வேலையைத் தானாக ஓடவிடப் பார்க்கிறார். “சில நாள் போர்டைச் சொருகினால் ஸ்விட்ச் கண்டுகொள்வதே இல்லை. சில நாள் நன்றாக ஓடுகிறது, ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் ஏதோ ஒரு மெனுவில் நிற்கிறது. கோடை எத்தனையோ தடவை மாற்றி எழுதிவிட்டேன். எங்கே தப்பு?”

தம்பி, கோடுக்கு இப்போதே போகவேண்டாம். உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. கண்டுகொள்ளவே இல்லை என்பது வேறு, நடுவில் நின்றுவிடுகிறது என்பது வேறு. இரண்டுக்கும் ‘கனெக்‌ஷன் ப்ராப்ளம்’ என்று ஒரே பெயர் வைத்துத் தேடுவதால்தான் ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றது அப்படியே இருக்கிறது.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. போக்கிமான்களில் நிறம் மாறிய அபூர்வ வகைக்கு ஷைனி என்று பெயர். சாதாரணமாக 4096-க்கு ஒன்று அப்படிக் கிடைக்கும். வெவ்வேறு மொழிப் பதிப்பில் பிறந்த இரண்டைச் சேர்த்து முட்டை எடுத்து, ஷைனி சார்ம் என்ற விளையாட்டுப் பொருளும் கையில் இருந்தால் 512-க்கு ஒன்று. அத்தனை முட்டையையும் பொரிக்க சைக்கிளை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். மனிதக் கட்டைவிரலுக்கு இது தண்டனை. ஒரு சின்ன போர்டுக்கு இதில் சலிப்பே கிடையாது.

உங்களிடம் இருக்கும் ப்ரோ மைக்ரோவின் சிப் ஏடிமெகா 32யூ4. யூ.எஸ்.பி.யை நேரடியாகப் பேசத் தெரிந்தது. 2017-இல் ‘ஸ்ப்ளட்டூன் 2’ வந்தபோது, விளையாட்டுக்குள் படம் வரையும் பலகையில் கையால் வரைய அலுத்துப்போன ஒருவர் இதே வகைச் சிப்பை வைத்துப் படங்களைப் புள்ளிபுள்ளியாக ‘அச்சடித்தார்’. பலகை 320-க்கு 120, மொத்தம் 38,400 புள்ளிகள். அந்தச் சிப் தன்னை ஹோரி கம்பெனியின் போக்கன் கன்ட்ரோலர் என்று சொல்லிக்கொண்டது. அது வீ யூ கன்சோலுக்காக வந்த பழைய கன்ட்ரோலர், ஆனால் ஸ்விட்சும் அதை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். இன்று கைமாறிக்கொண்டிருக்கும் முட்டை பொரிக்கும் ஃபர்ம்வேர்கள் பலவும் அந்த வேலையின் வாரிசுகள்.

இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யூ.எஸ்.பி.யில் கன்ட்ரோலர் தானாகப் பேசாது. கன்சோல் சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை “என்ன அழுத்தியிருக்கிறாய்?” என்று கேட்கும், கன்ட்ரோலர் பதில் சொல்லும். ஆகவே கோளாறு தேடுவது என்றால் அந்தக் கேள்வி எங்கே நின்றுபோனது என்று தேடுவதுதான். கேள்வி போகவே இல்லையா, போயும் ஆள் யாரென்று புரியவில்லையா, ஆள் புரிந்தும் வரிசையில் இடம் தரவில்லையா, இல்லை, எல்லாம் சரியாக இருந்து பதில்தான் நேரம் தப்பிப் போகிறதா?

கண்டுகொள்ளாத நாட்கள்

கேபிளில் ஆரம்பியுங்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கொத்துக்கொத்தாகத் தொங்குகிற மலிவான கேபிள்களில் பல வெறும் சார்ஜ் கேபிள்கள். உள்ளே பவருக்கு இரண்டு கம்பி இருக்கும், டேட்டாவுக்கு இருக்காது. போர்டில் எல்.இ.டி. எரியும், அதைப் பார்த்து எல்லாரும் ஏமாந்துபோவார்கள். அதே கேபிளில் உங்கள் போனை மடிக்கணினியோடு இணைத்துப் பாருங்கள். ஃபைல் மாற்ற வழி காட்டாமல் சார்ஜ் மட்டும் ஏறினால் அந்தக் கேபிளை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ப்ரோ மைக்ரோவின் மைக்ரோ யூ.எஸ்.பி. வாயும் லேசாக ஒட்டியதுதான், நாலு தடவை வளைத்துப் பிடுங்கினால் பாதையோடு பெயர்ந்து வரும். சொருகிய இடத்தில் கொஞ்சம் ஹாட் க்ளூ வைத்துவிட்டால் பிழைக்கும்.

கேபிள் நல்லது என்று தெரிந்த பிறகு, ஸ்விட்சை ஒதுக்கி வைத்துவிட்டு போர்டை மடிக்கணினியில் சொருகுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனையிலேயே தேடலில் பாதி முடிந்துவிடும். விண்டோஸில் ‘செட்-அப் யூ.எஸ்.பி. கேம் கன்ட்ரோலர்ஸ்’ என்று தேடித் திறந்தால் போக்கன் கன்ட்ரோலர் என்ற பெயர் வரவேண்டும், ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் பட்டன் விளக்குகள் தாமாக மினுக்கவேண்டும். லினக்ஸ் என்றால் டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைச் சின்ன எழுத்தில் அடியுங்கள். 0எஃப்0டி : 0092 என்ற எண்களோடு ஒரு வரி வந்தால் போர்டு தன் வேடத்தைச் சரியாகப் போட்டிருக்கிறது. அங்கே ஆர்டுயினோ லியனார்டோ என்றோ ஸ்பார்க்ஃபன் என்றோ வந்தால் ஃபர்ம்வேர் ஏறவே இல்லை. மடிக்கணினியில் விளக்கு மினுக்குகிறதென்றால் கேபிள், போர்டு, ஃபர்ம்வேர் மூன்றும் நிரபராதிகள். பிறகு அவற்றைத் தொடவே வேண்டாம்.

இங்கே பலர் ஒரு நல்ல போர்டைக் குப்பையில் போடுவதுண்டு. இந்த ஃபர்ம்வேர் ஏறியதும் ஆர்டுயினோ மென்பொருளில் இருந்த போர்ட் காணாமல் போகும். போர்டு செத்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். சாகவில்லை. அது இப்போது கன்ட்ரோலர், சீரியல் போர்ட்டைக் காட்டவேண்டிய அவசியம் அதற்கு இல்லை. ஆர்.எஸ்.டி. பின்னையும் கிரவுண்டையும் ஒரு துண்டு வயரால் சட்டென்று இரண்டு தடவை தொட்டால் பூட்லோடர் எட்டு செகண்ட் விழித்திருக்கும். அதற்குள் புது ஃபர்ம்வேரை ஏற்றிவிடவேண்டும்.

கல்லூரி லேபில் ஊனோ சும்மா கிடக்கிறதே, அது ஆகாதா என்று கேட்பீர்கள். ஊனோவின் பெரிய சிப்புக்கு யூ.எஸ்.பி. தெரியாது. அசல் ஊனோ ஆர்3-இல் பக்கத்தில் இருக்கும் 16யூ2 என்ற சின்னச் சிப்பை மாற்றி எழுதி வேலை வாங்கலாம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற மலிவு நகல்களில் பலவற்றில் அந்த இடத்தில் சி.எச். 340 இருக்கும். அதில் அந்த வழி அடைப்பு. புதிதாக வாங்குவதாக இருந்தால் என் ஓட்டு ராஸ்பெரி பை பிக்கோவுக்கு. பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே சொருகினால் பென்டிரைவ் போலத் தெரியும், ஃபைலை இழுத்துப் போட்டால் முடிந்தது. அதன் சிக்னல் பின்களில் 5 வோல்ட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், 3.3-க்கு மேல் தாங்காது.

மடிக்கணினியில் எல்லாம் சரி, ஸ்விட்சில் மட்டும் மௌனம் என்றால், அதை டி.வி.யோடு இணைக்கும் டாக்கைப் பாருங்கள். நிண்டெண்டோவின் சொந்த அடாப்டர் டி.வி.யில் ஆடும்போது 15 வோல்ட், 2.6 ஆம்பியர் கொடுக்கும். போன் சார்ஜரை டாக்கில் சொருகினால் பேட்டரி மெல்ல ஏறலாம், ஆனால் டாக் முழுதாக விழிக்காது. வெளிநாட்டிலிருந்து வந்த கன்சோலில் இன்னொரு சங்கடம் பின் கன்வர்ட்டர். அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும், அதில் பயமில்லை. முப்பது ரூபாய்க் கன்வர்ட்டர்தான் பிளக் பாயின்டில் ஆடிக்கொண்டே இருக்கும். உங்கள் ‘சில நாள் வரும், சில நாள் வராது’ என்பதில் எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

டாக்கும் சரியென்றால் வரிசைப் பிரச்சினை. ஜாய்கான்கள் ஸ்விட்சின் பக்கவாட்டில் மாட்டியிருந்தால் முதல் ஆட்டக்காரர் இடம் அவற்றிடம் போய்விடும். உங்கள் போர்டு இரண்டாவதாக நின்று கத்திக்கொண்டிருக்கும், விளையாட்டு திரும்பிப் பார்க்காது. ஜாய்கான்களைக் கழற்றுங்கள். ஹோம் திரையில் கன்ட்ரோலர்ஸ் போய், ‘சேஞ்ச் க்ரிப்/ஆர்டர்’ பக்கத்தைத் திறந்துவைத்து, அப்போது போர்டைச் சொருகுங்கள். ஃபர்ம்வேர் முதலில் எல், ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்தித் தன்னைப் பதிவுசெய்ய வேண்டும். உங்கள் கோடில் அந்தத் தொடக்கம் இல்லாவிட்டால் மீதி எதுவும் எடுபடாது. செட்டிங்ஸில் ‘ப்ரோ கன்ட்ரோலர் வயர்டு கம்யூனிகேஷன்’ என்று ஒன்று உண்டு. 2017 ஜூனில் 3.0.0 அப்டேட்டோடு வந்தது. அதையும் ஆன் செய்துவிடுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

சொருகியதும் கர்சர் தானாக மேலே மேலே ஓடுகிறதா? அது இணைப்புக் கோளாறே அல்ல. திசைப் பட்டனுக்கு ‘யாரும் தொடவில்லை’ என்பதன் மதிப்பு 8. பூஜ்யம் என்றால் ‘மேலே’ என்று அர்த்தம். எல்லாவற்றையும் பூஜ்யமாக வைத்துத் தொடங்கும் கோடு எப்போதும் மேல்பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கும். குச்சிகளின் நடுமதிப்பு 128, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரவில் ஓடி விடியலில் நிற்பது

இதைத்தான் உங்கள் ஊரை மனதில் வைத்து நிதானமாகச் சொல்லவேண்டும்.

ஸ்விட்சுக்குள் பேட்டரி இருக்கிறது. கரன்ட் போனாலும் அது அணையாது. ஆனால் டாக்கின் யூ.எஸ்.பி. ஓட்டைகளுக்கு வரும் பவர் நின்றுவிடும். கரன்ட் திரும்பியதும், அல்லது இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டதும், போர்டு புதிதாகப் பிறந்து தன் நிரலை முதல் வரியிலிருந்து தொடங்கும். விளையாட்டோ பாதி வழியில் நிற்கும். முதல் வரிக்குரிய பட்டன்களை அது அழுத்த, இங்கே வேறு மெனு திறக்க, அதற்குள் வேறொன்று திறக்க, காலையில் நீங்கள் பார்த்த காட்சி தயார். மாலையில் காற்றும் இடியுமாக ஒரு மழை வந்தாலே போதும். மழை இல்லாத நாளிலும், மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் சுற்றுப்பட்ட கிணற்று மோட்டார்கள் சேர்ந்தாற்போல் எடுத்தால் வீட்டு விளக்கு ஒரு நொடி மங்குமே, அந்த நொடி சில அடாப்டர்களுக்குப் போதும்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, சோதிக்கலாம். நிரல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது டாக்கின் பிளக்கைப் பிடுங்கி, ஒரு மூச்சு விட்டுத் திரும்பச் சொருகுங்கள். காலையில் பார்த்த அதே மெனுவில் போய் நின்றால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். இன்வெர்ட்டரில் யூ.பி.எஸ். மோடு இருந்தால் அதில் வையுங்கள், மாறும் நேரம் குறையும். அதைவிட முக்கியம், பவர் வந்ததும் போர்டு தானாக ஓடக்கூடாது. ஒரு பின்னைக் கிரவுண்டில் தொட்டால்தான் ஓடவேண்டும் என்று கோடில் ஒரு காத்திருப்பு வையுங்கள். கோடில் கைவைக்க நான் சம்மதிக்கும் முதல் இடம் இதுதான். முட்டை பொரிப்பதோடு, வேண்டாத போக்கிமான்களைப் பெட்டியிலிருந்து விடுவிக்கும் நிரலும் உண்டல்லவா? அது தடம் மாறி ஓடினால் பிரியமானவையும் சேர்ந்து போய்விடும். நின்றுபோன நிரலால் ஓர் இரவுதான் நஷ்டம், தடம் மாறியதால் போனவை திரும்ப வராது.

அடுத்த சந்தேகம் டி.வி. ஸ்விட்சின் டி.வி. செட்டிங்ஸில் ‘மேட்ச் டி.வி. பவர் ஸ்டேட்’ என்று ஒன்று இருக்கும். அது ஆனில் இருந்து, உங்கள் டி.வி.யும் கன்சோலோடு பேசத் தெரிந்ததாக இருந்தால், அம்மா இரவு பதினொரு மணிக்கு டி.வி.யை அணைக்கும்போது ஸ்விட்சும் கூடவே தூங்கிவிடும். கோடில் எத்தனை மாதம் தேடினாலும் இது அகப்படாது. ஆஃப் செய்யுங்கள். ஆட்டோ ஸ்லீப்பையும் ‘நெவர்’ என்று வையுங்கள்.

இவை எதுவும் இல்லாமல், கரன்டும் போகாமல், மெல்ல மெல்ல நிரல் விலகுகிறது என்றால் அது நேரக் கோளாறு. விளையாட்டு செகண்டுக்கு 30 படம் ஓட்டினால் ஒரு படத்துக்கு 33 மில்லிசெகண்ட். உங்கள் பட்டன் அழுத்தம் 20 மில்லிசெகண்ட்தான் என்றால் சில தடவை விளையாட்டு அதைப் பார்க்கும், சில தடவை தவறவிடும். ஒரே ஒரு அழுத்தம் தவறினாலும் அதற்குப் பிறகு எல்லாமே ஒரு படி தள்ளிப்போகும். அந்த 38,400 புள்ளிப் படத்தில் ஒரு புள்ளி பிசகினால் அந்த வரி முழுக்கச் சாய்ந்துவிடுவது மாதிரி. அழுத்தத்தையும் இடைவெளியையும் 50-க்குக் கீழே இறக்காதீர்கள், 100 கொடுத்தாலும் தப்பில்லை. லோடிங் நேரம் மெமரி கார்டில் ஒன்று, உள் நினைவகத்தில் ஒன்று. உங்கள் நண்பருக்குச் சரியாக ஓடும் காத்திருப்பு உங்களுக்கு ஓடாமல் போகலாம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ‘பி’ பட்டனை ஏழெட்டுத் தடவை அழுத்தி எல்லா மெனுவையும் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் சின்னப் பிசகுகள் அடுத்த சுற்றுக்குத் தொற்றாது.

பதில் கெட்டுப்போவது என்பது பழைய கதைதான். தொண்ணூறுகளில் நம் வீட்டு டி.வி.களில் மாட்டி ஆடிய கேசட் கேம் பெட்டிகள் பெரும்பாலும் 1983-இல் வந்த ஜப்பானிய ஃபேமிகாமின் நகல்கள். அசல் பெட்டியில் பதிவுசெய்த ஒலியை வாசிக்கும் பகுதி சில நேரம் கன்ட்ரோலரின் பதிலில் ஒரு பிட்டை விழுங்கிவிடும். அதனால் ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3’ அடுத்தடுத்து இரண்டு பதில் ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும். இதற்கு நேர்மாறாக, 2014 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு விளையாட்டு விழாவில் டாஸ்பாட் என்ற இயந்திரம் கன்ட்ரோலர் வழியாகவே ‘சூப்பர் மேரியோ வேர்ல்டு’ விளையாட்டுக்குள் பாங், ஸ்னேக் இரண்டையும் எழுதி ஓடவிட்டது. கன்சோல் எத்தனை தடவை கேட்கும் என்பதை அத்தனை துல்லியமாகக் கணக்குவைத்ததால்தான் அது முடிந்தது.

கணினியிலிருந்து ஓட்டுவோருக்கு

நிரலைப் போர்டுக்குள் வைக்காமல் கணினியிலிருந்து சீரியல் வழியாகக் கட்டளை அனுப்புபவர்கள் தருமபுரிக் கல்லூரி மாணவர்களிடையே இருந்தால் அவர்களுக்கும் சில வார்த்தைகள். சீரியல் மாட்யூலின் டி.எக்ஸ். போர்டின் ஆர்.எக்ஸ்.-க்குப் போகவேண்டும், ஆர்.எக்ஸ். டி.எக்ஸ்.-க்கு. கிரவுண்ட் இரண்டையும் கட்டாயம் இணைக்கவேண்டும், பாதிப் பேர் மறப்பது இதைத்தான். 5 வோல்ட் கம்பியை மட்டும் இணைக்கவே கூடாது. போர்டுக்கு ஸ்விட்ச் பக்கமிருந்து பவர் வருகிறது, இரண்டாவது பவர் எதிர்த்திசையில் ஏறும். எர்த் சரியில்லாத வீட்டில் மடிக்கணினியைச் சார்ஜில் போட்டுக்கொண்டே தொட்டால் கையில் சுருசுருவென்று இழுக்கும். அப்படி இழுத்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு வயரைக் கையாளுங்கள், எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள்.

உபுண்டு 22.04-இல் சி.எச். 340 மாட்யூலைச் சொருகியதும் போர்ட் தோன்றி மறைகிறதா? பார்வையற்றோருக்கான பிரெயில் திரை மென்பொருள் ஒன்று அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறது. பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்பது அதன் பெயர். வீட்டில் யாருக்கும் பிரெயில் திரை தேவையில்லை என்றால் அதை நீக்கிவிடலாம். உங்கள் பயனர் கணக்கு டயலவுட் குழுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புளூடூத்தில் செய்யலாம் என்று ஆசைப்படுபவர்கள் எச்.சி. 05 மாட்யூலை வாங்கி வருகிறார்கள். கல்லூரி ரோபோவுக்கு நல்லது, இங்கே உதவாது. அது சீரியல் மட்டும் பேசும், கன்ட்ரோலர் வேடம் போடத் தெரியாது. ஸ்விட்சின் கன்ட்ரோலர் பேசுவது பழைய வகைப் புளூடூத். முதல் இ.எஸ்.பி. 32-க்கு அது தெரியும். அதன் தம்பிகளான எஸ்3, சி3 இரண்டுக்கும் தெரியாது, அவற்றில் குறைமின் புளூடூத் மட்டும்தான். இன்னொன்று, ஸ்விட்சில் புளூடூத் ஹெட்போனை இணைத்தால் வயரில்லாக் கன்ட்ரோலர் இரண்டுக்கு மேல் ஏறாது. ஹெட்போனைத் துண்டித்துவிட்டுப் பாருங்கள். யூ.எஸ்.பி. 3 ஹார்டு டிஸ்க் பக்கத்தில் இருந்தாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்பும், தள்ளி வையுங்கள். நான் வயரையே சொல்வேன். ஊர் முழுக்க வைஃபை வந்துவிட்ட காலத்தில் இரவெல்லாம் ஓடவேண்டிய வேலையைக் காற்றை நம்பி விடுவானேன்?

பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி. சோனியின் கன்சோல் கன்ட்ரோலரிடம் ரகசியச் சாவி கேட்கும், சரியான பதில் வராவிட்டால் ஏறக்குறைய எட்டு நிமிடத்தில் வெளியேற்றிவிடும். எட்டு நிமிடத்தில் அறுகிறது என்றால் கேபிளைச் சந்தேகிக்காதீர்கள்.

முட்டை பொரிப்பது உங்கள் கன்சோலுக்குள் நீங்களே ஆடும் ஆட்டம். அதே போர்டை ஆன்லைனில் மற்றவர்களோடு மோதும் ஆட்டத்தில் சொருகினால் விதிமீறல், கணக்கையே முடக்கிவிடக்கூடும். மாமா கொடுத்த கன்சோலுக்கு அந்தக் கதி வேண்டாம்.

இன்று இரவு கோடைத் திறக்காமல் மூன்றே வேலை செய்யுங்கள்: கன்வர்ட்டரை மாற்றுங்கள், டி.வி. பவர் அமைப்பை ஆஃப் செய்யுங்கள், ஓடும்போது டாக் பிளக்கைப் பிடுங்கிச் சொருகிப் பாருங்கள். அதற்குப் பிறகும் நின்றால், எந்த மெனுவில் நின்றது, அன்று கரன்ட் போனதா, மடிக்கணினியில் சொருகியபோது என்ன பெயர் காட்டியது என்ற மூன்றையும் குறித்து எழுதுங்கள். கோடை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.